கொழும்பில் இருந்துகொண்டு தோட்டத்துக் குளக்கட்டைப் பாதுகாப்பது எப்படி?

கொழும்பில் வீடும் தொழிலுமாக இருந்துகொண்டு, அவிசாவளை, பாதுக்கை, இரத்தினபுரி, மாத்தளைப் பக்கங்களில் இறப்பர் தோட்டமோ தேயிலைக் காணியோ வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. அக்காணிகள் சிலவற்றில், நாற்றுமேடைக்கும் தொழிற்சாலைக்கும் நீர் எடுப்பதற்காக, முன்னைய உரிமையாளர் யாரோ ஓர் ஓடையை மறித்துக் கட்டிய மண் அணையும், அதன் பின்னால் ஓரிரு ஏக்கர் நீர்ப்பரப்பும் இருக்கும். அது எந்த ஆண்டில் கட்டப்பட்டது, உள்ளே என்ன மண் இடப்பட்டது, அடியில் போகும் குழாய் இரும்பா சீமெந்தா என்பவை பெரும்பாலும் எங்கும் எழுதப்பட்டிராது. அப்படியொரு குளத்தின் உரிமையாளர், பொறியியலாளர் வருவதற்கு முன்னும் அவர் பார்த்துவிட்டுப் போன பின்னும் செய்யவேண்டிய காரியங்களை இங்கே எழுதுகிறேன்.

முதலில், எவ்வளவு நீரைத் தேக்கி வைத்திருக்கிறீர்கள் என்று கணக்கிடுங்கள். குளம் நிரம்பியிருக்கும்போது உள்ள நீர்ப்பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து, அணையருகே உள்ள மிகக்கூடிய ஆழத்தால் பெருக்கி, வந்ததை 0.4ஆல் பெருக்கினால் கொள்ளளவு ஏறத்தாழக் கிடைத்துவிடும். ஒன்றரை ஏக்கர் என்பது சுமார் 6,070 சதுர மீட்டர். ஆழம் 4 மீட்டர் என்றால் தேங்கி நிற்பது ஏறக்குறைய 9,700 கன மீட்டர், அதாவது 9,700 தொன் நீர். அதன் பிறகு அணையின் அடியிலிருந்து ஓடை போகும் வழியே கீழே நடந்து பாருங்கள். எத்தனை லயன் காம்பராக்கள் ஓடையோரத்தில் இருக்கின்றன, பிள்ளை மடுவம் (தொழிலாளரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம்) எங்கே இருக்கிறது, பாதையைக் கடக்கும் பாலம் எவ்வளவு உயரம் என்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். அணையின் உயரத்தைவிட இந்தப் பட்டியல்தான் அந்த அணை எவ்வளவு ஆபத்தானது என்பதைத் தீர்மானிக்கிறது. கீழே வெறும் காடு இருந்தால் உடைப்பு உங்களுக்கு மட்டும் நட்டம். லயன் இருந்தால், அங்கே உறங்குகிறவர்களின் உயிர் உங்கள் குளக்கட்டை நம்பி இருக்கிறது.

சிறிய குளம் பெரிய அழிவைச் செய்யாது என்று யாரும் நினைக்க வேண்டாம். கென்யாவின் சோலாய் என்னுமிடத்தில் 2018 மே 9ஆம் திகதி இரவு உடைந்தது தனியார் பண்ணையொன்றின் மண் அணை. கீழே இருந்த குடியிருப்புகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; அவர்களுள் பலர் சிறுவர்கள். நம் நாட்டில், அரச பராமரிப்பில் இருந்த கந்தளாய்க் குளமே 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இரண்டும் இருட்டு வேளையில் நடந்தவை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மண் அணை பெரும்பாலும் இரண்டு வழிகளில் உடைகிறது. நீர் அதன் மேலால் வழிந்து வெளிச்சரிவை அரித்துக்கொண்டு போவது ஒன்று. நீர் அதன் உள்ளே வழி கண்டுபிடித்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுபோவது மற்றது. கொங்கிரீட் அணை சற்று நேரம் நீர் மேலால் போவதைத் தாங்கக்கூடும். மண் அணையின் மேல் ஒரு சாண் உயரத்துக்கு நீர் ஓடத் தொடங்கினால், அது சில மணித்தியாலங்களில் அடிவரை வெட்டுப்படலாம்.

வானும் கட்டின் மேல்மட்டமும்

ஆகவே வான் தான் முதலில் பார்க்கவேண்டிய இடம். மேலதிக நீர் வெளியேறும் அந்த வாய்க்கால் எவ்வளவு அகலம் என்று அளந்து, குளத்துக்கு நீர் வந்து சேரும் மேட்டுநிலம் எத்தனை ஹெக்டேயர் என்பதை நில அளவை வரைபடத்தில் பார்த்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். 20 ஹெக்டேயர் மேட்டுநிலத்தில் மணிக்கு 100 மில்லிமீட்டர் வீதம் மழை கொட்டி, அதில் அறுபது வீதம் ஓடிவருகிறது என்று எடுத்துக்கொண்டால், செக்கனுக்கு ஏறக்குறைய 3.3 கன மீட்டர் நீர் குளத்துக்குள் வந்து விழும். 3 மீட்டர் அகலமான வான், அதன் வாசலுக்கு மேல் அரை மீட்டர் நீர் நிற்கும்போது வெளியேற்றுவது செக்கனுக்கு சுமார் 1.8 கன மீட்டர்தான். குளம் ஏற்கெனவே நிரம்பி இருந்தால், மீதி நீர் குளத்தில் ஏறிக்கொண்டே போய் கட்டின் மேலால்தான் வழி தேடும். இதே வெள்ளத்தை அதே அரை மீட்டர் உயரத்தில் கடத்துவதற்கு ஐந்தரை மீட்டருக்கும் கூடுதலான அகலம் தேவை. இது மட்டாகப் போடும் கணக்கு. சரியான கணக்கைப் பொறியியலாளர் போடுவார். ஆனால் உங்கள் கணக்கிலேயே வான் பாதியளவுதான் வருகிறது என்றால், அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்காமல் அவரை அழையுங்கள்.

போதிய அகலமுள்ள வானையும் மனிதர்கள் அடைத்துவிடுகிறார்கள். வறண்ட மாதங்களில் இன்னும் ஓரடி நீர் நிற்கட்டும் என்று வானின் வாசலில் மணல் மூடைகளை அடுக்குவதும், பலகை செருகுவதும், மீன் வெளியே போகாதிருக்க வலை கட்டுவதும் தோட்டங்களில் சாதாரணமாக நடப்பவை. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. தொழிற்சாலைக்கு நீர் குறைந்தால் திட்டு வாங்குபவர் அங்குள்ள கணக்கப்பிள்ளைதான். ஆனால் முதல் பெருமழையில் மேட்டிலிருந்து வரும் இறப்பர் இலையும் மூங்கில் துண்டுகளும் அந்த வலையில் வந்து படிந்து, ஒரு மணித்தியாலத்தில் அதைச் சுவராக்கிவிடும். வலை, மூடை, பலகை எதுவும் வானில் இருக்கக்கூடாது என்பதை எழுத்தில் கொடுங்கள்; நீர் போதாவிட்டால் தாங்கி கட்டுவது உங்கள் செலவு என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். இரண்டாவது வரி இல்லாமல் முதல் வரியை யாரும் கடைப்பிடிக்க மாட்டார்கள்.

அடுத்தது கட்டின் மேல்மட்டம். வானின் வாசலுக்கும் கட்டின் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் இடையே குறைந்தது ஒரு மீட்டர் உயர வித்தியாசம் இருப்பது நல்லது. 'மிகத் தாழ்ந்த இடம்' என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. மேசன்மார் மட்டம் பார்க்கும் நீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் குழாயைக் கொண்டு, கட்டின் நீளத்துக்குப் பத்து மீட்டருக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொன்றிலும் மட்டத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். மாடு கடக்கும் இடத்திலும், டிராக்டர் ஏறி இறங்கும் இடத்திலும், பழைய ஓடை ஓடிய நடுப்பகுதியிலும் கட்டு தாழ்ந்திருக்கக் காண்பீர்கள். கட்டு முழுவதும் ஒரு மீட்டர் உயர்ந்திருந்து ஓரிடத்தில் மட்டும் அரை மீட்டர் தாழ்ந்திருந்தால், உங்கள் அணையின் உண்மையான உயரம் அந்த ஓரிடத்தின் உயரமே. மண்ணிட்டு நிரப்பும்போது பழைய புல்லைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஆறு அங்குலத்துக்கு ஒரு படையாக இட்டு, ஈரம் பார்த்து இறுக்க வேண்டும். புல்லின் மேலேயே கொட்டிய மண் முதல் வெள்ளத்தில் வழுகிப் போய்விடும்.

கசிவைப் படிப்பது

எல்லா மண் அணையும் கசியும். நீண்ட காலமாக ஒரே இடத்தில், ஒரே அளவில், தெளிந்த நீராக வரும் கசிவு பயப்படவேண்டியதன்று. புதிய இடத்தில் தோன்றுவது, குளத்தின் மட்டம் ஏறாதிருக்கவே அளவு கூடுவது, கலங்கி வருவது ஆகிய மூன்றும் பயப்படவேண்டியவை. நீர் கலங்கி வருகிறது என்றால் அணையின் உள்ளிருக்கும் மண் வெளியே வந்துகொண்டிருக்கிறது. வெளிப்பக்கத்தில் தொடங்கிய துளை குளத்தை நோக்கி உள்ளே வளர்கிறது. அது நீரைத் தொட்ட பிறகு செய்வதற்கு அதிகம் இராது.

இதைத் தெரிந்துகொள்ள விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வெளிச்சரிவின் அடியில் கசிவு வரும் இடத்தில் சிறு வாய்க்கால் வெட்டி, ஒரு துண்டு பிவிசி குழாயின் வழியாக நீர் விழும்படி செய்யுங்கள். அதன் கீழ் பத்து லீற்றர் வாளியை வைத்து, நிரம்புவதற்கு எத்தனை செக்கன் செல்கிறது என்று தொலைபேசியில் நேரம் பிடித்து எழுதுங்கள். கூடவே அன்றைய குளத்தின் மட்டத்தையும், முந்தைய 24 மணித்தியால மழையையும் எழுத வேண்டும். தோட்டங்களில் மழைமானி வைத்து எழுதும் வழக்கம் ஏற்கெனவே இருப்பதால் இது கூடுதல் சுமையாக இராது. ஒப்பிடும்போது குளம் ஒரே மட்டத்தில் இருந்த நாட்களை மட்டும் ஒப்பிடுங்கள். நீர் ஏறினால் கசிவு ஏறுவது இயல்பு. பிறகு தெளிவான கண்ணாடிப் போத்தல் ஒன்றில் அந்த நீரைப் பிடித்து, திகதி எழுதி ஒட்டி, அசையாமல் ஓர் இரவு வைத்துவிடுங்கள். காலையில் அடியில் மெல்லிய செம்படலம் படிந்திருந்தால், முந்தைய நாள் கண்ணுக்குத் தெளிந்ததாகத் தோன்றிய நீரும் மண்ணைச் சுமந்து வந்திருக்கிறது. ஒவ்வொரு மாதத்துப் போத்தலையும் எறியாமல் ஒரு தட்டில் வரிசையாக வைத்திருந்தால், படிப்பறிவு குறைந்த காவலாளியும் வித்தியாசத்தைக் காட்டிவிடுவார்.

கசிவைத் தேடுவதற்கு வறட்சிக்காலம் மிக ஏற்றது. சுற்றிலும் புல் காய்ந்திருக்கும்போது வெளிச்சரிவில் ஓரிடம் மட்டும் பச்சையாக இருந்தால், அங்கே பன்னமோ கோரையோ முளைத்திருந்தால், காலடி வைக்கும்போது நிலம் மெத்தென்று அமிழ்ந்தால், அவ்விடத்தில் முளை அடித்துக் குறித்துவையுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வெளிப்பக்கத்தில் நீர் வரும் துளையைக் களிமண்ணாலோ சீமெந்தாலோ அடைக்காதீர்கள். அடைத்தால் நீர் நிற்பதில்லை. உள்ளே அமுக்கம் ஏறி வேறோர் இடத்தால், பெரும்பாலும் மேலும் உயரத்தில், வெளியே வரும். நீர் வெளியே போக வேண்டும், மண் மட்டும் உள்ளே நிற்க வேண்டும். அதற்குத் துளையின் மேல் பருமணலை ஓரடிக்கு இட்டு, அதன் மேல் முக்கால் அங்குலச் சல்லி, அதற்கு மேல் பெருங்கல் என்று அடுக்க வேண்டும். நீர் நிலத்திலிருந்து ஊற்றுப்போல் கொப்பளித்து மணலை வட்டமாகக் குவித்தால், சுற்றிவர மணல் மூடைகளை அடுக்கி உள்ளே நீர் சற்று உயர்ந்து நிற்கவிட்டால் கொப்பளிப்பு தணியும். இவை நேரம் வாங்கித் தரும் வேலைகள் மட்டுமே. அதே வேளையில் குளத்தின் மட்டத்தைக் குறைக்கத் தொடங்கி, பொறியியலாளரையும் அழைத்துவிட வேண்டும். நீர்ப்பரப்பில் கட்டுக்கு அருகே சுழி தெரிந்தால் மண்ணையும் கல்லையும் மறந்துவிட்டு, கீழே இருப்பவர்களை உடனே மேட்டுக்கு அனுப்புங்கள்.

குழாய், மரம், வெடிப்பு

பழைய கட்டுகளில் மிகவும் பலவீனமான கோடு, நீர் எடுக்கும் குழாய் அணையைக் குறுக்கே கடக்கும் இடம். இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகும். குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி மண் சரியாக இறுகாதிருக்கும். துருசின், அதாவது குழாய்க்கு நீரைத் திறந்துவிடும் மதகின், கதவு குளத்தின் பக்கம் இருந்தால் மூடியபின் குழாய் வெறுமையாக இருக்கும்; வால்வு வெளிப்பக்கத்தில் மட்டும் இருந்தால், அணையின் வயிற்றுக்குள் எப்போதும் அமுக்கத்தோடு நீர் நிற்கிறது. அப்படியிருந்தால் அதை மாற்றுவதற்கு முதலில் செலவழியுங்கள். கதவை மாதம் ஒருமுறை முழுதாகத் திறந்து மூட வேண்டும். தேவைப்படும் இரவில் திருகு இறுகிக் கிடந்தால் அது இருந்தும் பயனில்லை. புதிதாக ஒரு குழாய் வேண்டுமென்று கட்டை வெட்டிப் பதிப்பதற்கு ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்; கட்டின் மேலால் சைபன் குழாய் (நீர் நிரப்பித் தொடக்கிவிட்டால் கட்டைத் தாண்டி மறுபக்கம் தாழ்வுக்கு நீரைத் தானாக இழுத்துவிடும் குழாய்) போட்டு எடுக்கலாம்.

கட்டில் முளைக்கும் மரக்கன்றுகளைப் பெருவிரல் பருமனுக்குள் பிடுங்கிவிட வேண்டும். வளர்ந்துவிட்ட மரத்தை வெட்டி அடிமரத்தை விட்டுவிட்டால், வேர் உக்கிய பிறகு அந்த வழி முழுவதும் நீருக்குத் திறந்துவிடும். ஆகவே பெருமரத்தைத் தொடுவதற்கு முன் மட்டத்தைக் குறைத்து, வேரோடு தோண்டி எடுத்து, படைபடையாக நிரப்புவதற்குப் பொறியியலாளரின் மேற்பார்வை வேண்டும். முள்ளம்பன்றி வளையும் கறையான் புற்றும் அப்படியே: வாயை மட்டும் அடைக்காமல் முடிவுவரை தோண்டி நிரப்புங்கள். புல்லைக் குட்டையாக வெட்டி வைத்திருந்தால்தான் இவையெல்லாம் கண்ணில் படும்.

வெடிப்பு கட்டின் நீளப்போக்கில் வளைந்து போனால் சரிவு வழுக்கத் தொடங்கியிருக்கக்கூடும். கட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு குளத்திலிருந்து வெளிப்பக்கம் போனால் அது நீருக்கு நேர்வழி. இரண்டிலும் இருபக்கமும் முளை அடித்து இடைவெளியை அளந்து, மழைநீர் உள்ளே இறங்காமல் தறப்பாளால் மூடுங்கள்.

அணையின் அருகே இருப்பவர்

கொழும்பில் இருக்கும் உரிமையாளர் செய்யவேண்டியவற்றுள் மிக முக்கியமானது என்று நான் கருதுவது, தோட்டத்தில் இருக்கும் ஒருவருக்கு முழு அதிகாரத்தையும் எழுத்தில் கொடுப்பதுதான். அடைமழை இரவில் மின்சாரம் போய்விடும். தொலைபேசிக் கோபுரம் செயலிழந்துவிடும். பாதையில் மண் சரிந்திருக்கும். 'ஐயாவிடம் கேட்டுவிட்டுத் திறப்போம்' என்று கணக்கப்பிள்ளை உங்கள் அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தில் கட்டு போய்விடும். துருசைத் திறக்கவும், வானை வெட்டி அகலமாக்கவும், லயன்களை எழுப்பி வெளியேற்றவும் அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றும், அப்படி வெளியேற்றியபின் ஒன்றும் நடக்காமல் போனாலும் அவர்மேல் குற்றம் சொல்லப்படாது என்றும் கையொப்பமிட்டுக் கொடுங்கள். அதை லயன் மக்கள் முன்னால் வாசித்துக் காட்டுங்கள். அவர்களுக்கு அணையைப் பற்றித் தெரியும் உரிமை உண்டு. எந்தச் சத்தம் கேட்டால், எந்தப் பாதையால், எந்த மேட்டுக்குப் போகவேண்டும் என்பதை ஆண்டுக்கு ஒருமுறை பகலில் நடந்து பழக வேண்டும். சத்தம் தொலைபேசியை நம்பியிராமல் கோயில் மணியாகவோ, கையால் சுற்றும் சங்காகவோ இருக்கட்டும்.

அவருக்குத் தெளிவான அளவுகளும் வேண்டும். துருசுத் தூணில் பத்து சென்ரிமீட்டருக்கு ஒரு கோடாக மட்ட அளவை வர்ணத்தால் எழுதுங்கள். பொறியியலாளர் வேறு அளவு தரும்வரை, வானில் ஓரடிக்கு மேல் நீர் பாய்ந்தால் இரவு முழுவதும் கட்டில் ஆள் நிற்பது என்றும், நீர் கட்டின் தாழ்ந்த இடத்துக்கு இரண்டடி கீழே வந்தால் லயன்களை வெளியேற்றுவது என்றும் வைத்துக்கொள்ளலாம். வழக்கமான நாட்களில் வாரம் ஒருமுறை, மழைக்காலத்தில் நாள்தோறும், அந்தக் கோடும் கசிவுக் குழாயும் தெரியும்படி படம் எடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பட்டும். வந்த படத்தைப் பார்த்து ஒரு கேள்வியாவது கேளுங்கள். யாரும் பார்ப்பதில்லை என்று தெரிந்தால் படம் வருவதும் நின்றுவிடும்.

கொழும்பில் இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. அனுபவமுள்ள பட்டயப் பொறியியலாளரைத் தேடுவதற்கு விஜேராம மாவத்தையில் உள்ள இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தை அணுகலாம். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் தலைமையகமும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் நகரிலேயே உள்ளன. மலைச்சரிவில் உள்ள குளத்துக்குக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மிக உதவும்: 24 மணித்தியாலத்தில் மழை 75, 100, 150 மில்லிமீட்டரைத் தாண்டும்போது படிப்படியாக எச்சரிக்கை உயர்த்தப்படுகிறது. குளத்துக்குள் மேட்டுநிலம் சரிந்து விழுந்தாலும் நீர் கட்டின் மேலால் எகிறும் என்பதால், அந்த எச்சரிக்கைகளை அணைக்குரியவையாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் குளத்தின் இடத்தையும் கீழுள்ள வீடுகளின் பட்டியலையும் முன்கூட்டியே கொடுத்துவையுங்கள். அவசரத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

சட்டப் பொறுப்பைப் பற்றிச் சுருக்கமாக: ஆலை உரிமையாளர் ஒருவரின் நீர்த்தேக்கம் உடைந்து அயலவரின் சுரங்கத்தை மூழ்கடித்த வழக்கில், வேலையை ஒப்பந்தகாரர்களிடம் விட்டிருந்த உரிமையாளரே பொறுப்பாளி என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1868இல் தீர்ப்பளித்தது. இலங்கையில் தீங்கியல் வழக்குகளுக்கு அடிப்படை உரோம-டச்சுச் சட்டம் என்பதால், உங்கள் நிலையை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் அணை உடைவு அடங்குகிறதா என்றும் பாருங்கள்.

குளத்தை இறக்குவதும் ஏற்றுவதும்

ஆபத்து இல்லாத வேளையில் திருத்த வேலைக்காகக் குளத்தை இறக்கும்போது நாளொன்றுக்கு ஓரடிக்கு மேல் இறக்காதீர்கள். நீர் விரைவாக இறங்கினால், ஈரத்தில் ஊறிய உட்சரிவு தன்னைத் தாங்கிநின்ற நீரை இழந்து குளத்துக்குள்ளேயே வழுகி விழக்கூடும். கட்டு போகப்போகிறது என்ற நிலையில் இந்த விதி பொருந்தாது. அப்போது துருசு, சைபன், டீசல் பம்பு என்று இருக்கும் எல்லாவற்றாலும் இறக்க வேண்டும்.

திருத்தம் முடிந்தபின் நிரப்புவதும் அவசரமில்லாமல் நடக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன்னதாகவே வேலையை முடித்து, மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு நீரை ஏற்றி ஒரு வாரம் நிறுத்துங்கள். அந்த வாரம் முழுவதும் வாளியும் போத்தலும் நாள்தோறும் வேலை செய்யட்டும். கசிவு நிலைத்து, போத்தலின் அடி சுத்தமாக இருந்தால் இரண்டாவது பங்கு, பின்னர் மூன்றாவது. இடையில் ஒரே இரவு மழையில் மட்டம் தானாக ஏறிவிட்டால், 'நிரம்பிவிட்டதே, இருக்கட்டும்' என்று விடாமல், துருசைத் திறந்து நாளுக்கு ஓரடியாகப் பழைய கோட்டுக்கு இறக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள்.